நூற்றுப் பன்னிரண்டு சென்டிமீட்டர்

என் தம்பி மாறனுக்கு ஆறு வயது. உயரம் நூற்றுப் பன்னிரண்டு சென்டிமீட்டர். இது நானாகச் சொல்வதல்ல. பள்ளிக்கூடத்தில் சுவரோடு ஒட்டி நிற்கவைத்து, தலைமேல் ஸ்கேலை வைத்து, அளந்து எழுதிக் கொடுத்தது. அன்றிலிருந்து யார் பெயரைக் கேட்டாலும், "நெடுமாறன், நூத்திப் பன்னெண்டு" என்றுதான் சொல்வான். ஏதோ படித்து வாங்கிய பட்டம் மாதிரி!

அந்த நூற்றுப் பன்னிரண்டை ஒரு நாள் நான் குறைத்தேன். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். நினைத்தால் இன்னும் எனக்கு என் மேலேயே கோபம் கோபமாக வருகிறது.

என் பெயர் சுடர்விழி. ஆறாம் வகுப்பு. திருவையாற்றுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா வீரையன் அறுவடை மெஷின் ஓட்டுகிறார். அம்மா ஆனந்தவல்லி ஜாக்கெட் தைக்கிறார். எங்களுக்குப் பிறகு எழில் என்று ஒரு குட்டித் தங்கை இருக்கிறாள். மூன்று வயதாகியும் அம்மாவின் இடுப்பை விட்டு இறங்க மாட்டாள்.

மாறனுக்கு ஒரே ஆசை. ஸ்டீயரிங் பிடிக்க வேண்டும். அப்பா அவனை மெஷினில் ஏற்றி மடியில் உட்காரவைத்துக்கொள்வார். ஆனால் ஸ்டீயரிங்கைத் தொட விடமாட்டார். "கொஞ்சம் வளருடா, அப்புறம் பாப்போம்" என்பார். மாறன் வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருப்பான். சில நாள் சாம்பார் இருக்கும்போதே திருப்பிவிடுவான்.

தஞ்சாவூரைத் தாண்டி, திருச்சி சாலையில், 'தலையாட்டி பார்க்' என்று ஒன்று திறந்தார்கள். அங்கே டேஷிங் கார் இருக்கிறது, சின்னப் பையன்கள்கூட ஓட்டுகிறார்கள் என்று யாரோ மாறனிடம் சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான். ஒரு மாதம் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

பொங்கலுக்கு அம்மா ராப்பகலாக ஜாக்கெட் தைத்தார். பொங்கல் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, "கிளம்புங்க, போயிட்டு வந்துடலாம்" என்றார். அப்பாவால் வர முடியவில்லை. சம்பா அறுவடை நேரம், மெஷின் மன்னார்குடிப் பக்கம் போயிருந்தது. "கார் ஓட்டிட்டு வந்து எனக்குச் சொல்லுடா" என்று போனில் மாறனிடம் சொன்னார்.

டவுன் பஸ்ஸில் அம்மாவுக்கும் எனக்கும் எழிலுக்கும் இலவசம். மாறனுக்கு மட்டும் அரை டிக்கெட். "குடும்பத்துலயே நீதான்டா பெரிய மனுஷன்" என்று கண்டக்டர் கிழித்துக் கொடுத்தார். மாறனுக்கு ஒரே பெருமை. டிக்கெட்டை எல்லோரிடமும் காட்டினான்.

எனக்கு அப்போது வேறொன்று ஞாபகம் வந்தது. பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் வருவதற்கு முன்பு, நான் குட்டியாக இருந்தபோது, கண்டக்டர் பக்கத்தில் வந்தால் அம்மா என் காதில், "மடங்கிக்கோடி" என்பார். நான் முட்டியை மடக்கிக் குள்ளமாகிவிடுவேன். டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. அதில் நான் கெட்டிக்காரி.

பார்க் வாசலில் ஒருவர் பையைத் திறந்து பார்த்தார். புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் இருந்தன. "வெளிச் சாப்பாடு உள்ள கூடாதும்மா" என்றார்.

"அதுக்கென்ன, வயித்துல வச்சு எடுத்துட்டுப் போறோம்" என்றார் அம்மா. சாலையோரப் புளியமர நிழலில் உட்கார்ந்து பத்தரை மணிக்கே மதியச் சாப்பாட்டை முடித்தோம். மாறன் வறுவலை மட்டும் சாப்பிட்டுவிட்டு, "போலாமா, போலாமா" என்று பறந்தான்.

டிக்கெட் கவுன்ட்டரின் பக்கத்தில் அம்மா உயரத்துக்கு ஒரு தலையாட்டிப் பொம்மை நின்றது. கையை முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு போர்டு. பொம்மையின் கைக்குக் கீழே, அதாவது நூற்றுப் பத்து சென்டிமீட்டருக்குள் இருந்தால் டிக்கெட் வேண்டாம், கையில் மஞ்சள் பட்டை. அதற்கு மேல் இருந்தால் முந்நூறு ரூபாய், நீலப் பட்டை. அதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னும் இரண்டு வரி இருந்தது. அதை நான் படிக்கவில்லை.

ஏன் படிக்கவில்லை என்றால், என் கண் அந்தப் பக்கத்தில் இருந்த ராட்டினத்தின் மேல் இருந்தது. அம்மாடி! அவ்வளவு உயரம்! மேலே போனால் பெரிய கோயில் கோபுரம் தெரியுமாம். ஆனால் அதற்குத் தனிச் சீட்டு. அதுவும் முந்நூறு ரூபாய். சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான் சுற்றுமாம்.

"அதெல்லாம் நமக்குக் கட்டாது சுடரு" என்று அம்மா முதலிலேயே சொல்லிவிட்டார்.

முந்நூறும் முந்நூறும். எனக்குள் கணக்கு ஓடியது. மாறனை இழுத்துக்கொண்டு வரிசைக்குப் பின்னால் போனேன்.

"டேய், அந்தப் பொம்மைகிட்ட நிக்கும்போது முட்டிய லேசா மடக்கிக்கோ. உன் பேண்ட் தொளதொளன்னுதான் இருக்கு, தெரியாது."

வளர்கிற பிள்ளை என்று பொங்கலுக்கு இரண்டு சைஸ் பெரிதாக எடுத்த பேண்ட் அது. அதற்குள் இன்னொரு மாறனையே ஒளித்துவைக்கலாம்.

"எதுக்குக்கா?"

"சொன்னா செய்யேன்டா. நிமிர்ந்தா வெளிய அனுப்பிடுவாங்க. நான் சொல்ற வரைக்கும் நிமிராத."

வெளியே அனுப்பிவிடுவார்கள் என்றதும் அவன் முகம் மாறியது. வேகமாகத் தலையாட்டினான்.

கவுன்ட்டரில் இருந்தவர் எழுந்து வந்தார். சட்டைப் பையில் 'பஞ்சநதம்' என்று பெயர் குத்தியிருந்தது. மாறனைப் பொம்மையின் கைக்குக் கீழே நிறுத்தினார். தலைக்கும் கைக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருந்தது.

"தம்பிக்கு டிக்கெட் வேணாம்மா" என்று மஞ்சள் பட்டையைச் சுற்றிவிட்டார்.

எழில் இடுப்பில் நெளிந்துகொண்டிருந்தாள். அம்மா அவளைச் சமாளித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "ஸ்கூல்ல நூத்திப் பன்னெண்டுன்னுல்ல எழுதியிருந்தாங்க?"

"அது ஷூவோட அளந்ததும்மா."

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது பாருங்கள்! மாறன் என்னை அண்ணாந்து பார்த்தான். பள்ளிக்கூடத்தில் அளந்த அன்றைக்கு அவன் ஷூவே போட்டிருக்கவில்லை.

அம்மா ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "சரி, மிச்சமான காசுல நீ கேட்ட ராட்டினத்துக்கே ஒரு சீட்டு எடுத்துக்க" என்றார். நான் குதித்தேன்.

உள்ளே போனதும் அம்மா எங்களுக்கு நேரம் சொன்னார். "அஞ்சரைக்குக் கிளம்பிடணும். அப்பத்தான் திருவையாத்துல நம்ம ஊர் பஸ்ஸப் புடிக்க முடியும். மாறனப் பாத்துக்க. நான் எழிலோட குளத்துக்கிட்ட இருக்கேன்."

டேஷிங் கார் முன் கூட்டம் அலைமோதியது. "கூட்டம் குறையட்டும்டா, சாயங்காலம் போகலாம்" என்றேன். மாறனும் சரி என்றான். பீரங்கி, கண்ணாடி வீடு, பேய்க் குகை என்று நான் அவனை இழுத்துக்கொண்டு அலைந்தேன்.

அவனோ நடக்கவே மாட்டேன் என்றான். பத்தடி நடந்தால் நின்றான். வாத்து மாதிரி ஆடி ஆடி வந்தான்.

"ஒழுங்கா நடடா! இப்படி நடந்தா எப்பப் பாத்து முடிக்கிறது?" என்று கத்தினேன்.

"கால் வலிக்குதுக்கா."

"வந்து ஒரு மணி நேரம் ஆகல, அதுக்குள்ள கால் வலியாம்!"

குட்டிக் குளத்தில் முழங்கால் அளவுதான் தண்ணீர். எழில் அதில் கிடந்து கும்மாளம் போட்டாள். தண்ணீர் என்றால் உயிரை விடும் மாறன், அன்றைக்கு இறங்கவே இல்லை. எல்லாப் பிள்ளைகளும் டவுசரோடு நின்றார்கள். இவன் பேண்டைக் கழற்ற மாட்டேன் என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஐயே, இவருக்கு வெக்கத்தப் பாரு" என்று கேலி செய்தேன். பக்கத்தில் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

மூன்றே முக்காலுக்கு டேஷிங் கார் வரிசை கொஞ்சம் குறைந்தது. நின்றோம். கம்பிக்கு அந்தப் பக்கம் சிவப்பு, பச்சை, ஊதா என்று கார்கள் டமார் டமார் என்று மோதிக்கொண்டன. மாறன் ஊதாக் காரைக் காட்டி, "அதுதான் எனக்கு" என்றான். அவன் கைவிரல்கள் அப்போதே ஸ்டீயரிங் பிடித்திருந்தன.

எங்கள் முறை வந்தது. அங்கே இருந்த அண்ணன் மாறனின் கையைத் தூக்கிப் பார்த்தார்.

"மஞ்சப் பட்டையா? தம்பிக்கு இங்க அனுமதி கிடையாது. நூத்திப் பத்துக்கு மேல இருக்கணும்."

"அண்ணே, இவன் நூத்திப் பன்னெண்டுண்ணே!" என்றேன் அவசரமாக.

"அப்புறம் ஏன் மஞ்சள் கட்டினாங்க? போர்டுல போட்டிருக்கே, படிக்கலயா? தள்ளி நில்லுங்க, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."

மாறன் அழுது அடம்பிடிப்பான் என்று நினைத்தேன். அவன் அழவில்லை. கம்பியை விட்டுவிட்டு வெளியே வந்தான். டீக்கடைச் சுவருக்குப் பின்னால், யாரும் இல்லாத இடத்தில் போய் நின்றான். நானும் பின்னாலேயே போனேன்.

சுற்றும் முற்றும் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"அக்கா, இங்க யாரும் இல்ல. இப்ப நிமிரட்டுமா?"

எனக்கு முதலில் புரியவில்லை. குனிந்து அவன் பேண்டைப் பார்த்தேன். அந்தத் தொளதொளப்புக்குள் இரண்டு முட்டிகளும் மடங்கியே இருந்தன. நடுங்கிக்கொண்டிருந்தன.

"நீ... காலையிலேர்ந்தா?"

"நீதானே நான் சொல்ற வரைக்கும் நிமிராதன்னே. நீ சொல்லவே இல்ல."

ஐயோ! அந்த வாத்து நடை. அந்தக் கால் வலி. அந்தக் குளம். என் தம்பி ஐந்து மணி நேரம் முட்டியை மடக்கிக்கொண்டே என் பின்னால் வந்திருக்கிறான். நான் ராட்டினத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே அவனைத் திட்டியிருக்கிறேன்.

"நிமிருடா" என்றேன். "நிமிருடா மாறா."

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நிமிர்ந்தான். "ஸ்ஸ்" என்றான். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவன்தான் என் கண்ணைத் துடைத்துவிட்டான். "யாரும் பாக்கலக்கா, அனுப்ப மாட்டாங்க" என்றான்.

அவனைக் கூட்டிக்கொண்டு அம்மாவிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஷூ பொய்யையும் சொன்னேன். அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டுதான் நின்றேன்.

அம்மா அடிக்கவில்லை. மாறனை உட்காரவைத்து, பேண்டைச் சுருட்டிவிட்டு, அவன் முட்டிகளை இரண்டு கையாலும் பிடித்துவிட்டார்.

"மடங்கிக்கோன்னு உனக்குச் சொல்லிக் குடுத்தவளே நான்தானே" என்றார் கடைசியில். "இனிமே உன்னத் திட்டி என்னத்த ஆகப் போவுது."

திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

என் கையில் ராட்டினச் சீட்டு இருந்தது. காலையிலிருந்து மடித்து மடித்துப் பார்த்ததில் ஓரம் நைந்துபோயிருந்தது. அந்தப் பக்கம் மணியடித்தார்கள். ராட்டினம் சுற்றத் தொடங்கிவிட்டது.

"அம்மா, நான் இதத் திருப்பிக் குடுத்துட்டு மாறனுக்கு டிக்கெட் எடுத்துட்டு வரேன்" என்றேன். அம்மா என்னைப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

மாறனையும் கூட்டிக்கொண்டு போனேன். கவுன்ட்டரில் அதே பஞ்சநதம் இருந்தார்.

"சார், இந்தச் சீட்ட வாங்கிட்டு என் தம்பிக்கு ஒரு டிக்கெட் தாங்க."

"தம்பிக்குத்தான் ஃப்ரீயாச்சே, பாப்பா?"

"இல்ல சார். அவன் நூத்திப் பன்னெண்டு. நான்தான் முட்டிய மடக்கச் சொன்னேன்."

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் காது சுட்டது. பஞ்சநதம் எழுந்து வந்தார். "இப்படி வந்து நில்லு தம்பி."

மாறன் பொம்மைக்குக் கீழே போய் நின்றான். அவரைப் பார்த்ததும் அவன் முட்டிகள் தானாக மடங்கின. தலைக்கும் கைக்கும் நடுவில் மறுபடி இரண்டு விரல் இடைவெளி.

"டேய் மாறா, நிமிருடா. நான் சொல்றேன்ல, நிமிரு!" என்று கத்தினேன்.

நிமிர்ந்தான். டொக்கென்று பொம்மையின் கையில் தலை இடித்தது. பொம்மை மேலும் கீழும் தலையை ஆட்டியது. வரிசையில் ஒரே சிரிப்பு. பஞ்சநதமும் சிரித்துவிட்டார்.

"அட! நல்ல உசரமாத்தான் இருக்கான். ஆனா பாப்பா, குடுத்த சீட்டத் திருப்பி வாங்க மாட்டோம். எங்க முதலாளி விட மாட்டாரு."

மணி நாலரை ஆகிவிட்டது. யோசித்தேன். வரிசையில் ஒரு அம்மா, என் வயதுப் பெண்ணோடு, அதே ராட்டினச் சீட்டு வாங்கத்தானே நிற்கிறார்?

"அம்மா, நீங்க ராட்டினத்துக்குத்தானே நிக்கிறீங்க? இது புதுச் சீட்டு. இத வாங்கிக்கிறீங்களா? வரிசையில நிக்க வேணாம்."

அவர் பஞ்சநதத்தைப் பார்த்தார். பஞ்சநதம், "தாராளமா வாங்கிக்கங்க, சீட்டு சரியான சீட்டுதான்" என்றார். அந்தப் பெண்ணின் பெயர் சபிஹாவாம். கும்பகோணத்திலிருந்து வந்திருந்தாள். சீட்டை வாங்கிக்கொண்டு ராட்டினத்தைப் பார்த்து ஓடினாள். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

சபிஹாவின் அம்மா கொடுத்த முந்நூறு ரூபாயில் டிக்கெட் எடுத்து, மாறனுக்கு நீலப் பட்டையைக் கட்டிக்கொண்டு டேஷிங் காருக்குப் போனால், வரிசை மறுபடியும் நீண்டு கிடந்தது. நின்றோம். நிற்க நிற்க நேரம் ஓடியது. ஐந்து. ஐந்தே கால். மாறன் ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றான்.

ஐந்து இருபதுக்கு எங்கள் முறை வந்தது. ஊதாக் காரே கிடைத்தது. மாறன் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தான். நான் பக்கத்தில். மணியடித்தது.

எல்லோரும் டமார் டமார் என்று மோதினார்கள். மாறன் யார் மேலும் மோதவில்லை. ஓரத்தோடு ஒரே நேராகப் போனான். மூலை வந்ததும் மெதுவாகத் திருப்பினான். மறுபடி நேராக வந்தான்.

"தம்பி! மோது! மோதுடா!" என்று வாசலில் நின்ற அண்ணன் கத்தினார்.

"மோதக் கூடாதுண்ணே, கதிரு சாஞ்சிடும்" என்று மாறனும் கத்தினான்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் தம்பி கார் ஓட்டவில்லை. வயலில் அறுத்துக்கொண்டிருக்கிறான். அப்பா மாதிரியே முதுகை நிமிர்த்தி, நாக்கைக் கடித்துக்கொண்டு, வரப்பு ஓரத்திலிருந்து ஒழுங்காக அறுத்துக்கொண்டு வருகிறான். அரை வயல் ஆவதற்குள் மறுபடி மணியடித்துவிட்டது.

"முடிஞ்சிடுச்சா?" என்றான்.

"மூணு நிமிஷம்தான்டா."

இறங்கினோம். அந்த அண்ணன் அவன் பட்டையைத் தட்டி, "நீலப் பட்டைக்கு எத்தன ரவுண்டு வேணாலும் போகலாம் தம்பி. காலையிலேயே வந்திருந்தா பத்து ரவுண்டு போயிருக்கலாமே!" என்றார்.

"காலையில எங்க அக்காவுக்குத் தலவலிண்ணே" என்றான் மாறன்.

அவன் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்காகச் சொன்னான்.

"தலவலியெல்லாம் இல்லண்ணே. என்னாலதான் இவனால வர முடியல" என்றேன்.

அந்த அண்ணனுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. அடுத்த வரிசையை உள்ளே விடப் போய்விட்டார்.

அம்மா எழிலைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார். சாலைக்கு நடந்தோம். மாறன் நிமிர்ந்துதான் நடந்தான். ஆனால் நொண்டினான். நான் அவன் முன்னால் போய் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"ஏறுடா. உப்பு மூட்ட."

"நான் பெரிய பையன். கனப்பேன்."

"கனத்தா கனக்கட்டும். ஏறு."

ஏறினான். கனத்தான். பஸ் இன்னும் வரவில்லை. புளியமரத்தடியில் அம்மா எழிலோடு உட்கார்ந்தார். மாறன் என் இரண்டு காதையும் மெதுவாகப் பிடித்தான். இடது காதைத் திருகினான். இடது பக்கம் திரும்பினேன்.

"வரப்பு வருதுக்கா, மெதுவா ஒடி."

மெதுவாக ஒடித்துத் திரும்பினேன். மரத்தைச் சுற்றி வந்தேன். "ஒரு ரவுண்டு" என்றான். இன்னொன்று சுற்றினேன். எனக்கு மூச்சு வாங்கியது. முட்டி வலித்தது. நிற்கவில்லை.

ஆறாவது சுற்றில் தஞ்சாவூர் பஸ் வந்துவிட்டது. அம்மா எழிலோடு ஓடிப் போய்ப் படியில் ஏறினார். மாறன் என் முதுகிலிருந்து வழுக்கி இறங்கி, விரல்விட்டு எண்ணிப் பார்த்தான்.

"அங்க ஒண்ணு, இங்க ஆறு. இன்னும் மூணு இருக்குக்கா."

"ஏறுடா பஸ்ல" என்றேன். "மூணையும் வீட்டுக்குப் போய் ஓட்டிடலாம்."